பாறசாலையின் குரல் தில்லிக்கு எட்டுகிறதா?

புது தில்லி: மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட 2024 ஜூன் 4-ஆம் தேதி, திருவனந்தபுரம் தொகுதியில் நெடுநேரம் முன்னிலையில் இருந்தவர் பாரதிய ஜனதா வேட்பாளர் ராஜீவ் சந்திரசேகர். நகரப் பகுதிகளின் பெட்டிகள் அவருக்குச் சாதகமாகவே பேசின. கடைசிச் சுற்றுகளில் நிலைமை தலைகீழானது. காங்கிரஸின் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் நான்காவது முறையாக மக்களவைக்குத் தேர்வானார். அவரைக் கரை சேர்த்தவை கழக்கூட்டமோ வட்டியூர்க்காவோ அல்ல. தெற்கே கடலையும் தமிழக எல்லையையும் ஒட்டிக் கிடக்கும் கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய சட்டப்பேரவைப் பகுதிகளே அந்த வித்தியாசத்தை ஈட்டித் தந்தன.

இது புதிதன்று. 2014-இல் ஓ. ராஜகோபாலிடம் தோல்வியின் விளிம்பு வரை சென்ற தரூர், 15,470 வாக்குகளில் தப்பியதும் இதே மூன்று பகுதிகளின் தயவால்தான். பத்தாண்டு இடைவெளியில் இருமுறை, தலைநகரத் தொகுதியின் உறுப்பினர் யார் என்பதை எல்லையோரக் கிராமங்கள் முடிவு செய்திருக்கின்றன.

ஆயினும், வாக்கு எண்ணும் நாளில் தில்லியின் கட்சி அலுவலகங்களில் உச்சரிக்கப்படும் இந்தப் பெயர்கள், அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் அவைக் குறிப்புகளில் எத்தனை முறை இடம்பெறுகின்றன என்பது வேறு கேள்வி. வாக்களிப்பதோடு குடிமகனின் வேலை முடிந்துவிடுகிறதா, இல்லை அங்குதான் தொடங்குகிறதா என்பதை எடைபோட, இந்த எல்லையை விடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. காரணம், இந்த எல்லையே குடிமக்கள் மனுப் போட்டும், வாக்களித்தும், சிறை சென்றும், உயிர் கொடுத்தும் வரையப்பட்ட ஒன்று.

ஒரே சாலை, இரு ஆட்சி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும் அமரவிளையும் கடந்தால் பாறசாலை. அதற்கு அப்பால் இஞ்சிவிளை. அடுத்துக் களியக்காவிளை, அது தமிழகம். வழிப்போக்கருக்கு எல்லை தெரிவது பெயர்ப் பலகைகளின் எழுத்தில்தான். கடைத்தெருவின் பேச்சில் அது தெரிவதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் பேச்சு அது. வடக்கே பனச்சமூடு சந்தையில் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழகம். மேற்கே கடலோரத்தில் பொழியூரும் நீரோடியும் ஒரே மணலில் கிடக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், நிலம் வாங்குவதும் விற்பதும், ஆலயத் திருவிழாவும் கோயில் கொடையும் எல்லை பார்த்து நடப்பதில்லை.

ஆட்சி முறை மட்டும் எல்லை பார்த்தே நடக்கிறது. 2025 டிசம்பர் 9-இல் பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், செங்கல், குளத்தூர் ஊராட்சிகளின் மக்கள் வரிசையில் நின்று தங்கள் வார்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். 1995 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவரும் தேர்தல் அது. அதே நாளில், கூப்பிடு தொலைவில் உள்ள மேல்புறம், முஞ்சிறை ஒன்றியங்களின் கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்று எவரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்துவிட, தமிழகத்தின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. அதற்கு முன்பும் இப்படியே. 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்குகளில் சிக்கி மூன்றாண்டுகள் தள்ளிப்போனது.

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் இரு மாநிலங்களுக்கும் ஒன்றே. 243 இ பிரிவு, ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்று சொல்வதும் இரு மாநிலங்களுக்கும் பொதுவே. ஒரு மாநிலத்தில் அது காலண்டராக இருக்கிறது. மற்றொன்றில் வழக்காக இருக்கிறது. தமிழக வாசகர்கள் கேரளத்தைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொள்ளும் விஷயங்கள் பல உண்டு. இது அந்தப் பட்டியலில் சேராது.

மனுக்களால் வரைந்த எல்லை

உரிமையைக் கேட்பது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம். திருவிதாங்கூர் திவானின் ஊழலை எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-இல் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு, சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றப்பட்ட சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். அவரைக் காவலர்கள் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுவந்து எல்லைக்கு வெளியே விட்டனர். பொறுப்பாட்சி கேட்டு 1938-இல் சமஸ்தானம் முழுவதும் கிளர்ச்சி எழுந்தபோது, ஆகஸ்ட் 31-இல் நெய்யாற்றின்கரையில் திரண்ட கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

தமிழ் பேசும் மக்களின் அரசியல் திரட்சி இதற்குச் சற்றுப் பிந்தியது. 1945 டிசம்பர் 16-இல் நாகர்கோவிலில் தோன்றிய அமைப்பு, அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. மார்ஷல் நேசமணி அதன் முகமானார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு மட்டுமல்ல. நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை.

இந்த இயக்கத்தின் தனித்தன்மை, தெருவையும் அவையையும் ஒருசேரப் பயன்படுத்தியதுதான். நேசமணி 1952-இல் நாகர்கோவிலிலிருந்து முதல் மக்களவைக்குச் சென்றார். திருவிதாங்கூர்-கொச்சி சட்டப்பேரவையில் எவருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாத அந்நாட்களில், எண்ணிக்கையில் சிறிய இந்தக் கட்சி அமைச்சரவைகளின் ஆயுளைத் தீர்மானித்தது. ஏ.ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைக்கு அளித்த ஆதரவை அது விலக்கிக்கொண்டதும் 1953-இல் ஆட்சி கவிழ்ந்தது. 1954 தேர்தலில் கட்சிக்கு 12 இடங்கள் கிடைத்தன. அவ்வாண்டு மார்ச்சில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸ் ஆதரவுடன் முதல்வரானார்.

1954 ஆகஸ்ட் 11. விடுதலை நாள் எனத் தமிழ்நாடு காங்கிரஸ் அறிவித்திருந்த அந்நாளில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, பலர் மாண்டனர். அதன் அதிர்வு களியக்காவிளையோடு நிற்கவில்லை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் அன்றைய பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, உத்தரப் பிரதேசச் சிறையில் இருந்தபடியே, சொந்தக் கட்சி முதல்வர் பதவி விலக வேண்டும் என்று தந்தி அடித்தார். சுதந்திர நாட்டில் ஆயுதமற்ற மக்களைச் சுடும் அரசு நீடிக்கலாகாது என்பது அவர் வாதம். கட்சித் தலைமை ஏற்கவில்லை. அந்தப் பிளவு பெரிதாகி, 1955-இல் லோகியா தனிக் கட்சி கண்டார். இந்திய சோஷலிஸ்ட் இயக்கம் இரண்டானதற்கு விதையாக இருந்தது, வட இந்தியாவில் பலருக்கும் பெயர் தெரியாத இரு தென்கோடி ஊர்களில் நடந்த சம்பவம். 1955 பிப்ரவரியில் பட்டம் தாணு பிள்ளை ஆட்சியும் வீழ்ந்தது.

இதற்கிடையே பசல் அலி தலைமையில், எச்.என். குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்களாக இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் நாடு சுற்றிக்கொண்டிருந்தது. ஆணையத்துக்கு வந்த மனுக்களும் ஆவணங்களும் 1,52,250. அது சென்ற ஊர்கள் 104. நேரில் கேட்ட நபர்கள் 9,000-க்கும் மேல். எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த நாட்டில், தொலைக்காட்சியோ கைபேசியோ இல்லாத காலத்தில், மக்கள் தங்கள் வரைபடத்தைத் தாங்களே எழுதி அனுப்பிய நிகழ்வு அது. இன்று நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் மசோதாக்களின் மீது பொதுமக்கள் கருத்தைக் கோரி விளம்பரம் கொடுக்கும்போது வந்து சேரும் கடிதங்களோடு இந்த எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குச் சற்றே ஏமாற்றம் மிஞ்சலாம்.

1955 செப்டம்பர் 30-இல் ஆணையம் அறிக்கை தந்தது. தெற்கு வட்டங்கள் நான்கும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் கேரளத்துக்கு. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அதே நாளில் கேரளமும் பிறந்தது.

நெய்யாற்றின்கரை விடுபட்டது ஏன் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மலையாளியான பணிக்கர் ஆணையத்தில் இருந்ததைச் சுட்டுவோர் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் எளிது. மாவட்டத்தையும் வட்டத்தையும் அலகாகக் கொண்ட ஆணையம், கிராமம் கிராமமாக எல்லையைக் கீற முன்வரவில்லை. முழு வட்டம் என்று பார்த்தால் நெய்யாற்றின்கரையில் மலையாளம் பேசுவோரே அதிகம்; பாறசாலையை ஒட்டிய கிராமங்களைத் தனியே எடுத்துப் பார்க்கும் வழி அந்த அளவுகோலில் இல்லை. வடக்கே நடந்தது வேறு. ம.பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்துக்குப் பின் வந்த படாஸ்கர் தீர்ப்பு, கிராமத்தை அலகாக ஏற்றது. அதன் பயனாக 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. ஒரே நாட்டின் இரு எல்லைகளுக்கு இரு அளவுகோல்கள். பாறசாலைக்குப் படாஸ்கர் எவரும் வாய்க்கவில்லை.

நேசமணியின் கட்சி, இணைப்புக்குப் பின் காங்கிரஸோடு கலந்தது. 1968-இல் அவர் மறைந்தபோது காலியான நாகர்கோவில் தொகுதிதான், விருதுநகரில் தோற்றிருந்த காமராஜரை 1969 ஜனவரி இடைத்தேர்தலில் மக்களவைக்கு அனுப்பியது. எல்லைக்கு அப்பால் தங்கிவிட்டவர்களுக்கோ, அந்தக் கட்சி கலைந்ததோடு கேட்பதற்கென்று இருந்த அமைப்பும் போயிற்று.

தாளில் உள்ள உரிமை

எல்லையின் தவறான பக்கத்தில் விடப்படுவோர் இருப்பார்கள் என்பதை மறுசீரமைப்பு ஆணையமே உணர்ந்திருந்தது. அதன் பரிந்துரையின் விளைவாக 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வழியே 350 ஏ, 350 பி என இரு பிரிவுகள் அரசியல் சட்டத்தில் சேர்ந்தன. முதலாவது, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வகை செய்வது. இரண்டாவது, இந்தக் காப்புகள் நடைமுறையில் உள்ளனவா எனப் பார்த்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரும் தனி அலுவலர், அதாவது மொழிச் சிறுபான்மையினர் ஆணையர். அவரது அறிக்கை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். வைக்கப்படுகிறது, அவ்வளவே. மேஜையில் வைக்கப்படும் தாள்களின் பட்டியலில் ஒரு வரியாக அது வந்து போகும் நாளில் பத்திரிகையாளர் மாடத்திலும் பலர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

காப்புகள் என்னென்ன? ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் இருந்தால் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வேண்டும். ஒரு மாவட்டத்திலோ நகராட்சியிலோ வட்டத்திலோ 15 முதல் 20 சதவீதத்தினர் பேசும் மொழியில் அரசின் முக்கிய அறிவிப்புகளும் விதிகளும் வெளியாக வேண்டும். கேரளம் தன் பங்குக்கு 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியில் பெறலாம் என்று இடம் வைத்தது. சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவ்வாறே. இதற்கெல்லாம் மேலாக அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை, நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும், மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரிக்கும் தர எவர்க்கும் உரிமை உண்டு.

பார்ப்பதற்குத் தாராளமான ஏற்பாடு. ஆனால் இவற்றுள் தானாக இயங்குவது ஒன்றும் இல்லை. பத்து மாணவர்கள் என்ற விதி உயிர் பெறுவது, பத்துப் பெற்றோர் கல்வியாண்டுக்கு முன்பே தங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யும்போதுதான். பதிவு செய்யாவிட்டால் கோரிக்கை இல்லை என்று கோப்பில் எழுதப்படும். கோரிக்கை இல்லாத பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் எதற்கு என்று அடுத்த கோப்பு கேட்கும். ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று மறு ஆண்டு பெற்றோரே கேட்பர். இந்தச் சுழலில் எந்த அதிகாரியும் தமிழுக்கு எதிராக ஓர் உத்தரவும் போட வேண்டியதில்லை.

பெற்றோரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வேலை, மேற்படிப்பு, அரசுத் தேர்வு எல்லாமே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும்போது, பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைத்து மொழியைக் காப்பாற்றுங்கள் என்று சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ உபதேசிப்பது எளிது. பாறசாலைத் தாய் ஒருவரின் கணக்கு வேறாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கை அவர் விவரம் அறிந்து போடுகிறாரா, உரிமை இருப்பதே தெரியாமல் போடுகிறாரா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

கேரளத்தின் வடகோடியைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம் என 2017-இல் கேரள அரசு கொண்டுவந்தபோது, காசர்கோட்டுக் கன்னடர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிட்டனர். 2025-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மலையாள மொழி மசோதாவுக்கு எதிராக 2026 ஜனவரியில் கர்நாடக முதல்வர் சித்தராமையாவே கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார். மொழிச் சிறுபான்மையினருக்கு மசோதாவிலேயே பாதுகாப்பு உள்ளது என்று திருவனந்தபுரம் விளக்கம் அளிக்க வேண்டி வந்தது. காசர்கோட்டுக் கன்னடருக்கும் நெய்யாற்றின்கரைத் தமிழருக்கும் சட்டம் ஒன்றே. முன்னவர்கள் கூடிக் கேட்டார்கள். பெங்களூரு செவி சாய்த்தது.

எல்லைக்கு இப்பாலும் இதே கதை, பாத்திரங்கள் மட்டும் மாறி நடக்கிறது. விளவங்கோடு பகுதியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியபோது, தமிழக மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றன. பாறசாலைத் தமிழருக்குக் கேட்கும் உரிமையை ஏற்பவர், மலையாளம் படிக்கும் விளவங்கோட்டுப் பிள்ளைக்கும் அதை மறுக்க இயலாது.

கடைமடைக்கு வராத நீர்

மொழியை விடக் கூர்மையாக வலிப்பது நெய்யாற்று நீர். திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்தில் தொடங்கிய நெய்யாறு பாசனத் திட்டத்தில், இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டம் வரை நீள்வதாகத் திட்டமிடப்பட்டது. அன்று அது ஒரே மாநிலம். எல்லை மாறிய பின்னும் நீர் வந்தது. விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கர் இதை நம்பி இருந்தது. 2004-இல் கேரளம் நீரை நிறுத்தியது. நெய்யாறு கேரளத்திலேயே பிறந்து அங்கேயே கடலில் கலக்கும் ஆறு, மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல என்பது கேரளத்தின் நிலை. ஒன்றாக இருந்த காலத்துத் திட்டத்தின் பயன் பிரிவினைக்குப் பின்னும் தொடர வேண்டும் என்பது தமிழகத்தின் வாதம். 2012-இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது.

நிறுத்தியதற்கும் வழக்குக்கும் இடையே எட்டு ஆண்டுகள். முல்லைப் பெரியாறு என்றால் ஐந்து மாவட்டங்கள் எழுகின்றன. காவிரி என்றால் மாநிலமே எழுகிறது. ஒற்றை வட்டத்தின் கால்வாய்க்கு அந்தப் பேறு இல்லை. கடைமடை விவசாயிகள் மனுக்கள் தந்தனர், அவ்வப்போது சட்டப்பேரவையிலும் குரல் எழுந்தது. ஆனால் நீரற்ற கால்வாய் நெடுநாள் கிடந்தால் நிலம் தென்னையாகவும் ரப்பராகவும் வீட்டு மனையாகவும் மாறிவிடும். பிறகு வழக்கில் வென்றாலும் பாய்ச்சுவதற்கு வயல் மிஞ்சாது.

பத்து சதவீதம்

கேரள ஊராட்சிச் சட்டம் ஒவ்வொரு வார்டையும் ஒரு கிராம சபையாகக் கருதுகிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும்; வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அடுத்தடுத்து இருமுறை கூட்டத் தவறும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். வீடு, கழிப்பறை, கறவை மாடு என்று எந்த உதவிக்கும் பயனாளிப் பட்டியலைக் கிராம சபையே தயாரிக்கிறது. அந்த வரிசையை ஊராட்சி மாற்ற முடியாது. 1996 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குத் தந்தபோது இந்தச் சபைகளுக்குப் பேசப் பொருள் கிடைத்தது.

தமிழகத்தில் கிராம சபை ஊராட்சி முழுமைக்கும் ஒன்று. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாயின. நவம்பர் 1 குமரி இணைப்பு நாள் என்பது குறிப்பிடத்தக்கது. களியக்காவிளை போன்ற பேரூராட்சிகளுக்குக் கிராம சபை கிடையாது.

கேரளத்தின் ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமலில்லை. உதவி பெற வேண்டியவர்களும், குடும்பஸ்ரீ பெண்களும், அழைத்து வரப்பட்ட கட்சிக்காரர்களும் சபைக்கு வருகிறார்கள். அரசு ஊழியர், ஆசிரியர், வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டார் வருவதில்லை. சாலையும் குடிநீரும் குப்பையும் அவர்களுக்கும் உண்டு. ஆயினும் பட்டியலில் பெயர் இல்லாத கூட்டத்துக்கு ஏன் போக வேண்டும் என்ற மனப்பான்மை. கேள்வி கேட்கும் வசதியும் துணிவும் உள்ளவர்கள் வீட்டில் இருந்துவிட்டால், சபை சலுகை கேட்கும் வரிசையாகச் சுருங்கிவிடுகிறது.

வாக்குச் சீட்டுக்கும் இந்த மண்ணில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. ஆர். செல்வராஜ் 2006-இல் பாறசாலையிலும் 2011-இல் நெய்யாற்றின்கரையிலும் மார்க்சிஸ்ட் வேட்பாளராக வென்றவர். 2012 மார்ச்சில் பதவி விலகி, ஜூன் 2 இடைத்தேர்தலில் அதே நெய்யாற்றின்கரையில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். கட்சித் தாவல் தடைச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஓராண்டுக்கு முன் அவருக்கு ஒரு காரணத்துக்காக வாக்களித்தவர்களில் பலர், நேர் எதிரான காரணத்துக்காக மீண்டும் வாக்களித்தனர். இடையில் அவர்களை எவரும் கேட்கவில்லை.

இரு பட்டியல், ஒரு பெயர்

2025 நவம்பர் 4-இல் 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தைத் தொடங்கியபோது, தமிழகமும் கேரளமும் அதில் இருந்தன. எல்லையோரத்தில் அது தனிச் சிக்கல். பழைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்ததைக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. களியக்காவிளையில் பிறந்து பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பெற்றோர் பெயர் இருப்பதோ தமிழகத்தின் பழைய பட்டியலில், வேறு எழுத்தில், வேறு இணையதளத்தில். டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியல்களில் தமிழகத்தில் சுமார் 97 லட்சம் பெயர்களும் கேரளத்தில் சுமார் 24 லட்சம் பெயர்களும் இல்லை. இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இரட்டைப் பதிவுகள் என்று ஆணையம் காரணம் கூறியது.

இரட்டைப் பதிவு என்பது இங்கே வெறும் குற்றச்சாட்டு அல்ல. இரு பக்கமும் வீடும் உறவும் உள்ள ஊர்களில் இரு பட்டியல்களிலும் பெயர் வைத்திருப்பது ஒரு வசதியாகவே கருதப்பட்டு வந்தது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை. இரு இடங்களில் பெயர் வைத்திருப்பவர், உண்மையில் எந்த ஊராட்சியிடமும் உரத்துக் கேள்வி கேட்க முடியாதவராகிறார். எங்கே குரல் எழுப்பினாலும் ‘உமக்கு அங்கேயும் ஓட்டு உண்டே’ என்ற பதில் காத்திருக்கும்.

தில்லிக்கு எழுதுவதற்கும் வழி இல்லாமல் இல்லை. மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு எந்தக் குடிமகனும் மனு அனுப்பலாம். உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டால் அது அவையில் அளிக்கப்படும். தமிழில் எழுதினால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பை மனுதாரரே இணைத்துக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. மறுசீரமைப்பு ஆணையத்துக்கு ஒன்றரை லட்சம் தாள்களை அனுப்பிய நாட்டில் இந்தக் குழுவின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

ஒரு கட்டம்

அடுத்த வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வருகிறது. 2011-க்குப் பின் தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் குறித்து 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வெளியானது. வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், ஆட்களை எண்ணும் பணிக்கு 2027 பிப்ரவரியும் ஒதுக்கப்பட்டன. மொழிக் காப்புகளின் 15 சதவீதக் கணக்கெல்லாம் இந்த ஏட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2001 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 6 லட்சம்; 2011-இல் சுமார் 5 லட்சம். பத்தாண்டில் ஒரு லட்சம் தமிழர் கேரளத்தை விட்டுப் போய்விட்டனரா, அல்லது அந்தக் கட்டத்தில் வேறு சொல் எழுதப்பட்டதா என்பதை எண்கள் சொல்வதில்லை.

தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்புத் துறை தரும் விளக்கம் இது: ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவரிடம் அவருடைய தாய் பேசிய மொழி. படித்த மொழியோ, வசிக்கும் மாநிலத்தின் மொழியோ, அண்டை வீட்டாரிடம் பேசும் மொழியோ அல்ல. சொல்பவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுத வேண்டும் என்றும், வீட்டின் தோற்றத்தையும் பெயரையும் பார்த்துக் கணக்கெடுப்பாளர் தாமாக நிரப்பக் கூடாது என்றும் முந்தைய கணக்கெடுப்புகளில் அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவசரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே கடந்து செல்பவரை நிறுத்தி, கேட்கச் சொல்லும் உரிமை வீட்டில் இருப்பவருக்கு உண்டு.